கொல்லிமலையில் பாய்மரம் பழக்கிய எட்டு மாதம்

பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டும், காற்று வேண்டும், படகு வேண்டும். இவற்றில் ஒன்றையாவது முழுசாகக் கொடுத்துவிட்டு வேலை வாங்கும் முதலாளி எனக்கு வாய்க்கவில்லை. வீட்டை விட்டு வெகுதூரம் போய், பேச்சுக்கு ஆளில்லாத இடத்தில் வேலை பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் உட்கார இடம் கொடுங்கள்.

யுத்தம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்த கதை. எனக்கு இருபது வயது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் எங்களுடையது. ஒரு புயலில் எங்கள் தோணி போயிற்று, அதிலேயே அப்பாவும் போனார். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மாவும் நானும்தான். துறைமுகத்து லாஞ்சுப் படகில் வேலை கிடைத்தால் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அங்கே சேர ஒரு துரையின் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் கொல்லிமலை ஏறினேன்.

இதற்கு எதற்குத் துணி?

துரை பழைய கப்பல்காரர். கால் ஒன்று சரியில்லாமல் போனதும் கடலை விட்டுவிட்டு மலையில் காப்பித் தோட்டம் போட்டிருந்தார். கடல் அவரை விடவில்லை போலிருக்கிறது. ஓடை ஒன்றை மறித்து ஒரு குளம் கட்டி, சின்னதாக ஒரு பாய்மரப் படகை ஆட்கள் தலையில் ஏற்றிக் கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாய்மரம் பழக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தகரக் குழலில் கத்துவார். தண்ணீரில் இறங்கிப் பிள்ளைகளைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனக்கும் இது பழகும் காலம்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஐந்து பேர். ஐந்து பேரும் தனித்தனியாக அக்கரைக்குப் போய்த் திரும்பி வருகிற அன்றைக்கு, நாகப்பட்டினத்தில் இருக்கும் தன் சிநேகிதருக்குக் கடிதம் எழுதித் தருவதாக வாக்கும் கொடுத்தார். அதுவரைக்கும் மலையை விட்டு இறங்கக் கூடாது.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து புதுப் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஏறினேன். மேலே போய்க் குளத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் ஊரில் மழை நின்றபிறகு தெருவில் இதைவிட அதிகமாகத் தண்ணீர் நிற்கும். மறுநாள் காலையில் நான் பாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது, குளத்துக்குக் காவல் இருந்த சடையன் என்ற மலைக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, கரையோட சுத்தி நடந்தா வெத்தல மெல்லுறதுக்குள்ள அக்கரை போயிரலாமுங்க. இதுக்கு எதுக்குங்க இத்தன துணி?"

காற்றுக்கு முதுகு

எங்கள் ஊர்க் காற்றுக்குப் பெயர் உண்டு, நேரம் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான். மலையில் அடிக்கிற காற்றுக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. நாலு பக்கமும் மேடு, நடுவில் குளம். காற்று உள்ளே வந்து வழி தெரியாமல் சுற்றும். அதைப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பிள்ளைகள் அதற்கு மேல். தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டரின் பையன்கள் மூன்று பேர். மற்ற இருவரும் சடையனின் பிள்ளைகள்: சின்னான், அவனுக்கு மூத்தவள் குப்பாயி. குப்பாயிக்கு ஒன்பது வயது. ஐந்து பேரும் மீன் குஞ்சு மாதிரி நீந்துவார்கள், தண்ணீருக்குப் பயமே இல்லை. ஆனால் படகில் ஏற்றி உட்காரவைத்து, சுக்கானை ஒரு கையிலும் பாய்க்கயிற்றை இன்னொரு கையிலும் கொடுத்தால், காற்று வந்த உடனே சின்னானும் குப்பாயியும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார்கள். இவர்கள் திரும்பினால் சுக்கானும் திரும்பும், படகும் திரும்பும். அவர்களைப் பார்த்து ரைட்டர் பையன்களும் அதையே பழகிக்கொண்டார்கள். துரை கரையிலிருந்து குழல் உடைகிற மாதிரி கத்துவார்.

காரணம் தெரிய எனக்குப் பத்து நாள் பிடித்தது. ஒருநாள் சடையன் வீட்டுப் பக்கம் போனேன். பாறைமேல் சாமை தூற்றிக்கொண்டிருந்தார்கள். குப்பாயி முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி, கண்ணை மூடி நின்றாள். நடக்கப் பழகிய நாள் முதல் கற்றுக்கொண்ட பாடம் அது. நான் அங்கேயே நின்று, படகில் மட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டக் கூடாது, கன்னத்தில் அது எங்கே படுகிறது என்று பார்க்கவேண்டும் என்று நீளமாக உபதேசம் செய்தேன். அவள் முறத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "மூஞ்சியக் காட்டுனா கண்ணுல தூசி உழுவாதுங்களாண்ணா? உங்கூர்ல எல்லாத்துக்கும் கண்ணு எப்படீங்க தப்பிச்சுது?"

சாமி மீன்

மீன் இல்லாமல் நான் சாப்பிட்ட முதல் மாதம் அதுதான். தினமும் சாமைச் சோறு, இல்லாவிட்டால் மரவள்ளிக் கிழங்கு, தொட்டுக்கொள்ள மிளகு ரசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியவில்லை. ஓடையில் தூண்டில் போட்டு நாலு கெண்டை பிடித்து, நான் தங்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்தேன். வாசனை வந்ததும் அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கொஞ்சம் அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த ஓடை போய்ச் சேருகிற ஆற்றங்கரையில் சிவன் கோயில் இருக்கிறது என்பதும், அந்தத் தண்ணீரில் உள்ள மீன்களை மலைக்காரர்கள் தொடமாட்டார்கள், பொரிதான் போடுவார்கள் என்பதும் எனக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் சடையன் வந்து முள்ளைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "தின்னுப்போட்டீங்களா? அப்பச் சாமி உங்கள லேசுல ஊருக்கு உடாதுங்க."

படகோடு பேச்சு

சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் மலை முழுக்க ஒரு சத்தமும் இருக்காது. எங்கள் ஊரில் தூங்கும்போதும் அலை பேசிக்கொண்டிருக்கும். இங்கே பனி இறங்கும், நான் மட்டும் இருப்பேன். மலைக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுடைய பேச்சு பன்றி புகுந்து அழித்த காடு, மிளகுக் கொடி, பக்கத்துக் குண்டனி நாட்டில் பெண் எடுப்பது. என்னுடைய பேச்சு வலை, தோணி, அலை. அவர்கள் கேட்டுவிட்டு "அப்படீங்களா" என்பார்கள். அதோடு முடிந்துவிடும்.

வேறு வழியில்லாமல் படகோடு பேச ஆரம்பித்தேன். அதைக் கழுவிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்லுவேன். படகின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் துரையின் சம்சாரத்தின் பெயர் இருந்தது. மலை பிடிக்காமல் சீமைக்குப் போய்விட்ட அம்மாள். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில், துரை தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தலை கவிழ்ந்து நின்றேன். அவர் படகைத்தான் பார்த்தார். "நானும் அவளோடு எட்டு வருஷம் பேசினேன். பதில் வராது."

நாலு பேர்

சித்திரையில் ரைட்டரின் மூத்த பையன் அக்கரைக்குப் போய்த் திரும்பினான். போவது யாருக்கும் வரும், திரும்புவதில்தான் வித்தை. வைகாசிக்குள் அவன் தம்பிகள் இருவரும் முடித்தார்கள். ஆனியில் சின்னான், காற்றுக்குத் தைரியமாக முகத்தைக் காட்டியபடியே போய் வந்தான். இன்னும் ஒரே ஒரு ஆள்தான் என்று நான் கொட்டகைச் சுவரில் கரியால் நாலு கோடு போட்டுவிட்டு ஐந்தாவதுக்கு இடம் விட்டுவைத்தேன். அம்மாவுக்கு, ஆடிக்குள் வந்துவிடுவேன் என்று எழுதியும் போட்டேன்.

மூன்று பிள்ளைகளும் தேறியதற்கு ரைட்டரின் சம்சாரம் எனக்குப் பணியாரம் கொடுத்தனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவரே நேரில் வந்தார். வெறுங்கையோடு வந்தார். "கப்பல் ஓட்டறானுங்க, சந்தோசம். எட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டா மட்டும் மூணு பேரும் முழிக்கறானுங்களே, அதுக்கு ஒரு குழல் வெச்சுக் கத்தமாட்டீங்களா?"

பலாமரத்துக்குப் பக்கத்தில்

குப்பாயி மட்டும் தேறவில்லை. குளத்தின் நடுவில், ஓடையை மறித்தபோது முழுகிப்போன பலாமரம் ஒன்று பட்டுப்போய் நின்றது. அதுவரைக்கும் அழகாகப் போவாள். மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பாய்க்கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிடுவாள். பாய் படபடவென்று அடிக்கும், படகு நின்றுவிடும், நான் நீந்திப் போய் இழுத்து வருவேன். ஆனி முழுக்க இதே கதை. ஆடியில் நல்ல காற்று, அப்போதும் இதே கதை. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். சொரசொரப்பாக இருக்கட்டும் என்று நார் சுற்றிக் கொடுத்தேன். மரத்தைப் பார்த்துப் பயமா என்று கேட்டால் இல்லை என்பாள். கை வலிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தினமும் காலையில் மட்டும் மறக்காமல் எனக்கு ஏதாவது கொண்டுவருவாள்: சுட்ட கிழங்கு, இலையில் கொஞ்சம் தேன், பலாச்சுளை. அம்மா கொடுத்தது என்பாள். கரையில் அவளை உட்காரவைத்தால் எங்கள் ஊர் அலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அலை ராத்திரியில் எங்கே போகும் என்று கேட்டது அவள் ஒருத்திதான்.

ஆடி முடிகிற சமயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இருபத்தைந்தாவது முறையோ முப்பதாவது முறையோ, அவளை இழுத்துக் கரைசேர்த்ததும் கத்திவிட்டேன். "ஏ புள்ள, உன்னாலதான் நான் இந்த மலையிலயே கெடந்து சாவப்போறேன்! ஒனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?" அவள் அழவில்லை. ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "இங்க இருந்தா சாவாங்களாண்ணா? நாங்கெல்லாம் இங்கதானுங்க இருக்கோம்."

அம்மாவின் கார்டு

தபால்காரர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மலையேறுவார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, குப்பத்து வாத்தியாரிடம் சொல்லி எழுதச் செய்வாள். கார்டு வந்தால் நான் அதைப் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். வேறு யாரிடம் காட்டுவது? ஆவணி பிறந்ததும் வந்த கார்டையும் அப்படித்தான் படித்தேன்.

"தங்கராசுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் சுகம். ஆடியில் வருவாய் என்றாய். வாசல் படல் அசைந்தால் நீதான் என்று எழுந்து வருகிறேன். காற்றுதான். கண் முன்போலத் தெரியவில்லை. வரும்போது வாசலிலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிடு."

அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. கார்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். ரைட்டர் பையன்கள் விளையாடப் போய்விட்டார்கள். குப்பாயி போகவில்லை. "படல்னா என்னங்கண்ணா?" என்று கேட்டாள். ஓலையால் கட்டிய கதவு என்றேன். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு வீட்டுப் பக்கம் போனாள்.

மறுநாள் காலையில் அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை. நேராக வந்து படகில் ஏறினாள். துரை நாற்காலியில் உட்கார்ந்து குழலைத் தூக்கினார், ஆனால் கத்துவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. பலாமரம் வந்தது. நான் வழக்கம்போல இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தயாராக நின்றேன். படகு மரத்தை ஒட்டி வளைந்து போயிற்று. அக்கரையைத் தொட்டு, எதிர்காற்றில் இடமும் வலமுமாக ஏழெட்டு மடிப்பாக வளைந்து திரும்பி, நான் நின்ற இடத்துக்கே வந்து, ஒரு துளி தண்ணீர் தெறிக்காமல் நின்றது. அந்த மாதிரித் திரும்புதலை நான் மற்ற நாலு பேருக்கும் கற்றுக்கொடுக்கவே இல்லை. எனக்கே எப்போதாவதுதான் அப்படி வரும். துரை குழலை மடியில் வைத்துவிட்டு, எழுந்து, கடிதம் எழுத பங்களாவுக்குள் போனார்.

"எப்ப கத்துக்கிட்ட புள்ள?" என்றேன்.

"சித்திரையிலயே வருமுங்க."

"அப்பறம் ஏன் தெனமும் கயித்த வுட்ட?"

அவள் பாயை அவிழ்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடி சுருக்கமில்லாமல் மடித்தாள். மடித்ததை என் கையில் கொடுத்தாள். கையில் பாயோடு தண்ணீரிலேயே நின்றேன். பிறகு சொன்னாள். "நான் போயிட்டு வந்துட்டா நீங்களும் ஊட்டுக்குப் போயிருவீங்கல்லங்க, அதான். அம்மாகிட்ட, குப்பாயிதான் அனுப்பிவெச்சான்னு சொல்லுங்கண்ணா."

காற்றுக்கு முதுகைக் காட்டாதே என்று எட்டு மாதம் பிள்ளைகளைத் திட்டினேன். அத்தனை நாளும் அவள் கொண்டுவந்த கிழங்கையும் தேனையும் தின்றுகொண்டே, முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.