நாலும் ஏழும்

வீட்டில் எல்லோரும் ஜோடி என்று சொல்லும் அந்த மனிதர் ஊரை விட்டுப் போன அன்று மாடி ஏறி வரவில்லை. கீழே காருக்குள் உட்கார்ந்தபடியே போன் செய்து, "பல்லம்மா, கொஞ்சம் இறங்கி வா. ஷூவை வாங்கிக்கோ" என்றார். மேலே லேபில் வேலையாக இருந்த சித்தி, செய்துகொண்டிருந்த பல்செட்டை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு இரண்டு மாடி இறங்கிப் போனாள். இனித் தங்கை வீட்டோடு இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, அவர் ஜன்னல் வழியாக அட்டைப் பெட்டியை நீட்டினார். கார் கிளம்பிவிட்டது.

"இருபது வருஷமா ஏறி வந்த மனுஷனுக்கு அன்னிக்கு மட்டும் என்ன கொழுப்பு?" என்று கேட்டாள் சித்தி. நான் வெளியூர்களில் அலைந்து முடித்து அவள் வீட்டில் வந்து இறங்கிய முதல் நாள் அது. ஜோடி போய் அதற்குள் ஒரு வருடம் ஓடியிருந்தது. அவளும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

சித்திக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இடது கால் தொங்கிப்போயிருந்தது. அந்தப் பாதம் அப்புறம் சரியாக வளரவில்லை. இடதுக்கு நாலாம் நம்பர் ஷூ, வலதுக்கு ஏழு. ஒவ்வொரு முறையும் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். ஒருநாள் கடைக்காரர், "அப்படியே தலைகீழா ஒருத்தர் வர்றாரும்மா. வலது நாலு, இடது ஏழு" என்றார். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். அவருக்கும் போலியோதான், வலது காலில். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். நிறத்தில் மட்டும் ஓயாத சண்டை. அவளுக்குக் கறுப்பு வேண்டும், அவருக்குப் பழுப்பு. பெரும்பாலும் பழுப்புதான் ஜெயித்தது.

"உன் ஜோடி ஷூ கொண்டு வந்துட்டாரா?" என்று அம்மா கிண்டலாகக் கேட்டுக் கேட்டு, அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சித்தி வேலை பார்ப்பது பல்செட் செய்யும் லேபில். மெழுகில் ஈறு பிடித்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றுவாள். "இந்த ஊர்ல பாதிப் பேரு நான் போட்ட சிரிப்பைத்தான் சிரிக்கிறாங்க" என்பாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

நான் வந்தபோது அவளுடைய நல்ல கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. வலது கால். இத்தனை காலம் உடம்பு முழுவதையும் சுமந்த கால். ஒருமுறை லேபிலேயே மடங்கி விழுந்திருக்கிறாள். முதலாளி கெட்டவர் இல்லை. "அக்கா, அடுப்பும் மெஷினும் மேலதான் இருக்கு. ஏற முடியலைன்னா வேற ஆள்தான் பார்க்கணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாராம்.

நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர், என் வயது இருக்கும். இரும்புச் சட்டம் மாட்டிய இடது காலை ஆர்வமாகப் பார்த்தார். "போலியோ கேஸை நேர்ல இப்பதான் பார்க்கிறேன்" என்றார். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார். நல்ல செய்திதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தபோது சித்திதான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அது எந்த நோய்க்கு என்று அந்தக் குழந்தையின் அம்மாவுக்கே தெரியவில்லை.

"நோய் கிளம்பிப் போயிடுச்சு. நாங்கதான் இன்னும் நிக்கிறோம், வழியனுப்ப வந்தவங்க மாதிரி" என்றாள் சித்தி.

வலது காலுக்கு டாக்டர் சொன்னது, வயசாகிறது, நன்றாக நடங்கள் என்பதுதான். அவளுக்கு அது புதிதே இல்லை. சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கம்பியைப் பிடித்து நின்ற பிள்ளைகள் எல்லோரிடமும் சொன்னதும் அதுதான்: நட, உட்கார்ந்தால் கால் போய்விடும். நடந்துதான் பள்ளிக்கூடம் போனாள், வேலைக்குச் சேர்ந்தாள். அதனால் இப்போதும் நடந்தாள். காலையில் லேப் திறப்பதற்கு முன்னால் அந்த மாடிப்படியை ஒருமுறை வெறுமனே ஏறி இறங்கிவிட்டு, மறுபடி வேலைக்கென்று ஏறுவாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

"பாவம்டி, ஒருதடவை போதாதா?" என்று அம்மா போனில் கேட்பாள்.

"நீ ரெண்டு காலையும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்தே இரு. எனக்கு இருக்கிறது ஒண்ணு. அதைத் துருப்பிடிக்க விட மாட்டேன்" என்பாள் சித்தி.

கால் தேறவில்லை. மாதாமாதம் மோசமானது. மோசமானதால் இன்னும் ஒருமுறை கூடுதலாக ஏறினாள்.

ஒருநாள் காலை மூன்றாவது தடவை ஏறும்போது, முதல் மாடி திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். வலது தொடை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் போன் சத்தம் போட்டது.

"யாருன்னு பாரு. மூச்சு வாங்குது எனக்கு."

"ஜோடி, சித்தி. மெசேஜ் போட்டிருக்கார்."

"ஓ. ஒன்றரை வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துடுச்சா துரைக்கு? படி."

படித்தேன்.

"பல்லம்மா, அன்னிக்கு மேல வராதது திமிர்ல இல்ல. ஏற முடியல. நல்ல கால் போயிட்டிருந்துச்சு, சொல்ல வெட்கமா இருந்துச்சு. நடந்தா சரியாகும்னு தினமும் நடந்தேன். நடந்து நடந்துதான் சீக்கிரம் போச்சாம், இங்க ஒரு வயசான டாக்டரம்மா சொன்னாங்க. நம்மள மாதிரி நிறைய பேருக்கு இப்படி ஆகுதாம். உனக்கும் கால் நடுங்கினா நடக்காதே, உட்காரு. எனக்கு இனிமே ஷூ வேண்டாம். அடுத்த தடவை நீ கறுப்பே வாங்கிக்கோ."