நட்ட கல்லில் மஞ்சள்

வெண்ணந்தூருக்கு மேற்கே அந்த மானாவாரிக் காட்டில் பாறையும் சீமைக்கருவேலமும்தான். ஊரெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்ட ரிக் வண்டிக்காரருக்குத் தன் நிலமான இங்கே தண்ணீருக்குப் பதில் வெறும் புகைதான் வந்தது. அங்கேதான் மகள் கல்யாணம் என்றார். ஐயர் இல்லை, சாமி இல்லை. எந்தச் சாதிக்காரரும் நல்லது கெட்டதுக்கு ஒன்றுகூட ஓர் இடம் கட்டித்தரச் சொன்னார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கட்டடக்கலை முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

வேலிக்கு நடுகிற கல்லுக்கால்களையே ஆளுயரத்துக்கு வட்டமாக நட்டேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் தினமும் வரப்பில் நின்று பார்த்தார். அவருடைய வண்டித்தடம் இந்த நிலத்தின் வழியாகத்தான் போகிறது.

“ஏனுங் தம்பி, இது என்ன சாமிங்க?”

“சாமியில்லீங்க. சும்மா கூடற இடம்.”

“சும்மா கூடறதுக்கு ஆராச்சும் கல்லு நடுவாங்களா? கோயிலுன்னு சொல்லிச் செவுரு வெச்சு என் தடத்தை அடைக்கத்தான?”

வெள்ளிக்கிழமை காலையில் போனால், கிழக்குக் கல்லில் மஞ்சளும் குங்குமமும். கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ரிக் வண்டிக்காரர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்க வெச்சீங்களா?”

“இல்லீங்க.”

“இது கோயிலாப் போச்சுன்னா கல்யாணம் மண்டபத்துலதான். சொல்லிப்போட்டேன்.”

வேலையைக் கெடுக்கப் பக்கத்துக்காரர்தான் பூசியிருப்பார் என்று நினைத்தேன். அவரோ, நானே பூசிவிட்டு நாடகமாடுவதாக ஊரில் சொன்னார். முந்தின நாள் வந்து, “நல்லாருக்குது சாமி” என்று கல்லைத் தடவிப்போன என் அம்மாவைக்கூடச் சந்தேகிக்காமல் விடவில்லை என் மனசு.

கழுவினேன். அடுத்த வெள்ளியும் மஞ்சள்.

அன்று மதியம், நடாமல் கிடந்த ஒரு கல்லுக்காலின் மேல் உட்கார்ந்து கொத்தனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே பாறையில் உடைத்த கல். நட்டதையெல்லாம் பிடுங்கி, அதேபோல உட்காருவதற்குப் படுக்கைவாட்டில் போடச் சொன்னேன்.

“தெய்வக் குத்தமாயிருமுங்க!”

“இப்ப எதும்மேல குந்திச் சோறு தின்னீங்க?”

அவர் கல்லைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு மஞ்சள் வரவில்லை. கல்யாணம் அங்கேயே நடந்தது. பக்கத்துக்காரரும் வந்தார். கல்லுக்கு அடியில் கைவிட்டுத் தடவி, மஞ்சள் வாசம் இருக்கிறதா என்று விரலை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“தடம்?”

“தெறந்தேதான் இருக்குமுங்க” என்றேன்.

“பாக்கலாம், பாக்கலாம்.”

மாலை மாற்றும்போது எல்லோரும் கைதட்டினார்கள். நான் அத்தனை பேருடைய நகக்கண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.