திரும்பப் பெற்ற கட்டுரை

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் எழுதிய கட்டுரைகளில் வெளியுலகம் கவனித்தது ஒன்றைத்தான். மரக்காணம் உப்பளங்களில், உப்பு விளைவதற்குச் சற்று முன்னால் பாத்தி நீர் ரோஜா நிறமாகிவிடும். அந்த நிறத்தைத் தருகிற நுண்ணுயிரில், கடுமையான உப்பிலும் டிஎன்ஏ அறுபடாமல் காக்கும் புரதம் ஒன்று இருக்கிறது, அதற்கான மரபணு இதுதான் என்று அதில் எழுதியிருந்தேன். மற்ற ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கல்லூரி விழாக்களில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் பெயருக்கு அடுத்தபடியாக அந்த மேற்கோள் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. காபி ஆறுவதற்குள் போனில் அன்றைய எண்ணைப் பார்த்துவிடுவேன்.

என் பதவி உயர்வுக்கான கோப்பு மேலே போயிருந்த சமயத்தில் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் எழுதினார். நான் கொடுத்த மரபணுவை வைத்துப் புரதத்தைத் தயாரித்துப் பார்த்தோம், அது எதையும் காக்கவில்லை, மூல நுண்ணுயிரை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

உறைபெட்டியிலிருந்த பழைய குப்பியை எடுத்து வளர்த்தேன். நான்காம் நாள் தட்டில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஒரு வாரம் கழித்து, அவற்றுக்கிடையே நிறமே இல்லாத சின்னஞ்சிறு புள்ளிகளும் வந்தன. குப்பிக்குள் இருந்தது ஓர் உயிரல்ல, இரண்டு. இரண்டையும் பிரித்துச் சோதித்தேன். புரதம் அந்த நிறமற்றதிலிருந்து வந்திருக்கிறது. நான் மரபணுவைச் சிவப்பிலிருந்து எடுத்து எழுதிவிட்டேன்.

துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கோப்பு வந்துடட்டும் மேடம். அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே ஏன் நீங்களா போய் மாட்டிக்கிறீங்க?"

புதிதாக நீர் எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தச் சனிக்கிழமை மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். நீரில் ஏதாவது காரணம் கிடைக்காதா என்ற ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

முதல்முறை எனக்குப் பாத்தியைக் காட்டிய அக்கா அதே அளத்தில்தான் உப்பு வாரிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு உயிர் கலந்துபோன விஷயத்தைச் சொன்னேன்.

"கலந்துதாம்மா இருக்கும். அன்னிக்கே சொன்னேனே, மட உடைஞ்சி பக்கத்துப் பாத்தித் தண்ணி இதுல வந்துட்டுதுன்னு. நீங்க பாட்டில மூடுறதுலயே இருந்தீங்க."

எனக்கு அது நினைவே இல்லை. ஆனால் கேட்டதும் மனசு லேசானது. மடை உடைந்தது, நீர் கலந்தது, நான் என்ன செய்ய முடியும்? திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் தொடங்கிவிட்டேன்.

கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. எந்தப் பாத்தி நீரிலும் ஆயிரம் உயிர்கள் கலந்துதான் இருக்கும். அவற்றைப் பிரித்துத் தனியாக்குவதுதான் என் வேலை. ஒரு புள்ளியை எடுத்துப் புதுத் தட்டில் கோடிழுத்து, அதிலிருந்து மறுபடி எடுத்து மறுபடி கோடிழுக்க வேண்டும். நான் ஒரே முறையோடு நிறுத்தியிருந்தேன். வேறு யாரோ முந்திக்கொள்வார்கள் என்ற அவசரம். அப்படி நிறுத்திய அந்த வாரம் எனக்குத் தெளிவாக நினைவிருந்தது.

கடிதத்தில் மடையைப் பற்றி எழுதவில்லை. போதிய அளவு தூய்மைப்படுத்தாமல் விட்டது என் தவறு, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். பதவி உயர்வு அந்த முறை கிடைக்கவில்லை. நிறமற்ற உயிரைப் பற்றிய கட்டுரையை அந்த வெளிநாட்டு ஆய்வாளரின் குழு எழுதியது. நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், திரும்பப் பெற்ற பிறகும் என் கட்டுரையை மேற்கோள் காட்டுவது நிற்கவில்லை. படிக்காமலே காட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் முன்பு காட்டியவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

"மேடம், உங்க பேப்பர திரும்ப வாங்கிட்டீங்கன்னு இன்னிக்குத்தான் பாத்தேன். நான் பிஎச்டில அதத்தான் ரெண்டு வருஷம் பண்ணேன். ஒரு தடவ கூட வரல."

"எங்கேயும் எழுதலையாம்மா?"

"வராதத யாரு மேடம் போடுவாங்க? என் கைதான் சரியில்லன்னு கைடு சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். விட்டுட்டு வந்துட்டேன். இப்ப ஸ்கூல்ல பயாலஜி எடுக்கறேன்."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. என் கட்டுரையை அவள் அளவுக்கு வரி வரியாகப் படித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எந்த எண்ணிக்கையிலும் அவள் இல்லை.

மறுபடி ஆராய்ச்சிக்கு வர விருப்பமா, நான் ஏதாவது முயற்சி செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். ஸ்கூல் புடிச்சிருக்குது. எங்க கைடுக்கு மட்டும் ஒரு மெயில் போடுவீங்களா? தப்பு என்னோடது இல்லன்னு."

முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மெயில் மூன்று வரிதான். அனுப்புவதற்கு முன் அவளுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

"கை சரியாத்தான் இருந்துச்சுன்னு சேத்துடுங்க மேடம்" என்றாள்.

சேர்த்து அனுப்பினேன்.