அத்தைக்குப் போட்ட கோடி

தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்த என் மாமியார் இறந்த அன்று, சக்குபள்ளத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொட்டுச் சத்தம் ஓயவில்லை. ஏலத்தோட்டத்தில் கூலிக்குக் காய் எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கி, பேத்தியின் பிள்ளையையும் கொஞ்சிவிட்டுப் போனவர். நான் அழவில்லை.

கம்பத்திலிருந்து அவருடைய அண்ணன் மகன் பட்டுச் சேலையோடு வந்து இறங்கினார். எங்கள் பக்கம் புருஷன் இறந்தாலும் அவளே இறந்தாலும் ஒரு பெண்ணுக்குப் போடும் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அதைக் கோடி என்போம்.

ஆனால், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக அந்த வீடு அத்தையை ஒதுக்கி வைத்திருந்தது. மாமா இறந்தபோதும் அவர்கள் கோடி கொண்டுவரவில்லை. கூட வேலை செய்த பெண்கள்தான் ஒரு நூல் சேலை வாங்கி வந்து அத்தையின் தோளில் போட்டார்கள். "இனி இவளுகதான்டி எனக்குப் பொறந்த வீடு" என்று அத்தை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

நான் வாசலை மறித்து நின்றேன்.

"சேலைய நீங்களே வச்சுக்கோங்க. எங்க அத்தைக்குப் பொறந்த வீட்டு ஆளுக இங்கயே இருக்காக."

"மருமகளுக்கு இம்புட்டு வாயா? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மாமா செத்த அன்னைக்கு அந்த மொறை எங்க போச்சு?"

என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. அத்தையோடு காய் எடுத்தவர்களில் மிஞ்சியிருந்த காளியம்மாக்காவைக் கூப்பிட்டேன். கூட்டத்தின் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி வந்தவர், பையிலிருந்து ஒரு நூல் சேலையை எடுத்தார். யாரும் போட விடமாட்டார்கள் என்று நினைத்தும் வாங்கி வந்திருந்தார்.

அதைப் போர்த்தித்தான் அத்தையை அனுப்பினோம்.

கம்பத்துக்காரர்களுக்கு இன்னும் என்மேல் கோபமாம். இருக்கட்டும். அவர்களுடைய அதே கோபத்துக்கு நடுவில்தான் அத்தை இத்தனை காலம் நன்றாக வாழ்ந்தார். நானும் வாழ்வேன்.