அறுந்த சங்கிலியும் அடங்காத நெளிவும்

கண்ணுக்குத் தெரியாத காந்தத்தை அளக்கும் தொழிலில், காந்தத்தைவிட மனிதர்களிடம்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டும். ஆய்வகத்தில் இளமையைத் தொலைத்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய்த் தொலைத்தவன்.

ரயிலில் ஒரு துக்கம்

என் பொருள் ஒரு தாமிர உப்புப் படிகம். உள்ளே தாமிர அணுக்கள் சங்கிலி மாதிரி ஒற்றை வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். குளிரவைத்தால் அவை இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, காந்தமே இல்லாததுபோல் அடங்கிவிட வேண்டும். காந்த ஒத்ததிர்வுக் கருவியின் பேனா அதுவரை தாளில் போடும் நெளிவு மறைந்து, வெறும் கோடு வர வேண்டும். எனக்கு வரவில்லை. படிகத்தில் அழுக்கு சேர்ந்து, சங்கிலி கண்ட இடத்தில் அறுந்து, ஜோடி கிடைக்காத அணுக்கள் நெளிவைப் போட்டுக்கொண்டே இருந்தன. "இன்னும் ஒரு தடவைதான். இல்லையென்றால் வேறு தலைப்பு பார்" என்றார் பேராசிரியர்.

அன்று மாலை ரயிலில் சிநேகிதனிடம் புலம்பினேன்: "சங்கிலி அறுந்துட்சிடா, நாலு வருசம் போச்சு!" எதிரே மீன்கூடையோடு இருந்த அம்மா எழுந்தே விட்டார். "எந்த ஸ்டேசன்ல அறுத்தான் நைனா?"

"அய்ய, அந்தச் சங்கிலி இல்லம்மா. இது தாமிரம்!" என்று எரிந்து விழுந்தேன். அவர் நிதானமாக உட்கார்ந்தார்.

"கவரிங்குக்கா இம்மாம் அயுவாச்சி?"

கருவி அறையில் பேரம்

புதுப் படிகம் வளர மூன்று மாதம். கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணன் அரை நாள் தருவேன் என்றார். காசிமேட்டில் மீன் ஏலத்தில் கத்திப் பழகிய வாய் என்னுடையது. மூன்று நாள் வேண்டும் என்று பேரத்தை ஆரம்பித்தேன். மேசையைத் தட்டினேன், கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் ஒரு முழு நாளும், அவருடைய சாப்பாட்டு நேரமும் படிந்தது.

"எடுத்துக்க தம்பி. ஆனா ஒண்ணு, மிஷினுக்குக் காது கெடையாது, எனக்கு கீது."

எர்ணாவூர் வாசலில்

எனக்குக் கிடைத்த நாளுக்கு முந்தின நாள் பார்த்து, ஆய்வகத்தில் திரவ நைட்ரஜன் தயாரிக்கும் யந்திரம் படுத்துக்கொண்டது. நைட்ரஜன் இல்லாமல் குளிர் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு எர்ணாவூர்ப் பக்கம் ஒரு கேஸ் கம்பெனிக்கு ஓடினேன். இந்த மாதிரி கேனோடு அங்கே வருகிறவர்கள் காளை விந்தைக் குளிரில் வைத்திருந்து மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள்தான்.

"எந்த மாட்டாஸ்பத்திரி?" என்றார் ஸ்டோர்காரர்.

"மாடு இல்லண்ணே, ஆராய்ச்சி. ஜோடி சேரணும். குளிர்ல வெச்சாத்தான் சேரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கேனை நிரப்பிக் கொடுத்தார்.

"மாடுதான்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம்?"

தாளில் வந்தது

மறுநாள் புதுப் படிகத்தைக் கருவிக்குள் இறக்கி, நைட்ரஜனை ஊற்றினேன். நெளிவு சிறுத்தது. இன்னும் சிறுத்தது. பிறகு பேனா வெறுமனே நேராக ஓடியது. கருவி செத்துவிட்டதென்று ஆபரேட்டர் அண்ணன் பதறி ஃபியூஸ் பெட்டிக்குப் பாய்ந்தார். "கை வெச்சே, அவ்ளோதான்!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை. எப்போதும் நெளிவு தரும் தன் சோதனைப் பொடியைக் கருவியில் வைத்தார். நெளிவு ஜம்மென்று வந்தது. கருவியில் கோளாறு இல்லை. என் சங்கிலி அறுபடாமல் ஜோடி சேர்ந்திருந்தது. நான் ஸ்டூல்மேல் ஏறி நின்றேன்.

"நாலு வருசமா பேஜாரு பண்ணிகினு இருந்தே, ஒண்ணுமே வரலன்னதும் குதிக்கிறியே தம்பி!"

நெளிந்து ஓடிய தாளுக்கெல்லாம் திட்டு வாங்கிவிட்டு, ஒன்றுமே இல்லாத ஒரு தாளைக் காட்டித்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.