ஹால் சுவிட்சை அணைத்தது யார்?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், கடைக்கு வெளியே போய்ப் பேசுங்கள் என்று சொல்கிற ஆள் நான். என் பெயர் முபாரக். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் முதலில் வருவது சந்தேகம்தான். "நான் ஒன்னுமே பண்ணல, அதுவா ஆஃப் ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், உள்ளே மைலோ பானம் கொட்டியிருக்கும். யார் என்ன சொன்னாலும் நான் பாதியைத்தான் நம்புவேன்.

வித்யாவும் வந்ததும் அதையேதான் சொன்னாள். புக்கிட் பாத்தோக்கிலிருந்து டாக்சி பிடித்து, சிபியு பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கரண்ட் ஒயரைக் கொண்டுவரவில்லை. யாருமே கொண்டுவருவதில்லை, நானும் கேட்பதில்லை. அக்கவுண்டிங் பரீட்சை எழுதுகிறாளாம், வீட்டிலிருந்தே, கேமரா முன்னால். போன முறை பாதிப் பரீட்சையில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து ஃபெயில் ஆகிவிட்டாள். அடுத்த பரீட்சை வருகிற சனிக்கிழமை.

இப்படித் திடீரென்று அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையைத்தான். அதைக் கழற்றி மேசைமேல் ரப்பர் விரிப்பில் வைத்து, கடை ஒயரைச் சொருகினேன். அதன் பெரிய கனெக்டரில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் தனியாக ஓடவைக்க ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் சுற்றியது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு வோல்ட் ஆடாமல் அசையாமல் நின்றது. திரும்பப் பெட்டிக்குள் மாட்டி, அதே கடை ஒயரோடு நாள் முழுக்க ஓடவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

மாலையில் வந்தவளிடம் பழுதே இல்லை என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் இறுகிவிட்டது.

"அப்ப எங்க அத்தைதான் பாய்."

கம்ப்யூட்டர் மேசை ரூமுக்குள், கதவை ஒட்டி இருக்கிறது. அங்கே ப்ளக் பாயின்ட் வேலை செய்யாததால் ஒயரை ஹாலுக்கு இழுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அணையும்போதும் போய்ப் பார்த்தால் ஹால் சுவிட்ச் ஆஃபில் இருக்குமாம். அந்நேரம் வீட்டில் இருப்பது மாமியார் பாக்கியலட்சுமி ஒருவர்தான். கேட்டால், நான் தொடவே இல்லை என்கிறாராம். வித்யா தன் கணவர் அசோக்கிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள், ஒன்று அவர், இல்லை நான். திங்கட்கிழமை அந்த அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறார்கள். இடமும் பார்த்தாயிற்று.

பெட்டியில் பழுதில்லை என்று நான் சொன்ன சொல்லால் ஒரு வயதானவர் வீட்டை விட்டுப் போகப்போகிறார். நேரில் வந்து மாட்டிப் பார்த்துச் சொல்கிறேன், அதுவரைக்கும் பொறுங்கள் என்றேன்.

வியாழக்கிழமை பிற்பகல் போனேன். பத்தாவது மாடி. வெயில் ஹால் முழுக்க விழுந்து கிடந்தது. வித்யா தன் மகள் சிவானியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாக, "ஒரு கண்ணு வச்சிக்கங்க" என்றாள். வெளியே இரும்பு கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

வீட்டில் நானும் அந்த அம்மாவும் மட்டும்தான். ஒல்லியான உருவம். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பேசாதவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

அவர்கள் வீட்டு ஒயரையே மாட்டி ஓடவிட்டேன். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. பெட்டி சூடாகிறதா பார்ப்போம் என்று கையைக் கொண்டுபோனேன்.

டக்.

திரை இருண்டது. ஒரே எட்டில் ஹாலுக்குப் போனேன். சுவிட்ச் ஆஃபில் இருந்தது. அந்த அம்மா சமையலறையில், கையில் சோப்பு நுரையோடு நின்றார். பாட்டி வேகமாகத்தான் ஓடுகிறார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அம்மா, இங்க வந்து என் முன்னாடி உட்காருங்க."

ரூமுக்குள் வந்து அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டேன். கறுப்பு டேப் ரோலை எடுத்து, பல்லால் கடித்து ஒரு துண்டு பிய்த்து, சுவிட்சின் மேல் அழுத்தி ஒட்டினேன். இனி எந்தக் கை அணைக்கிறது, பார்க்கலாம்.

ரூமுக்குத் திரும்பினேன். அந்த அம்மாவைப் பார்த்தபடியே பெட்டியின் பக்கம் கையை நீட்டினேன். விரல் இன்னும் படவில்லை...

ஹாலில் சர்ரென்று ஒரு சத்தம். டேப் உரிகிற சத்தம்.

டக்.

அந்த அம்மா கட்டிலில்தான் இருந்தார். இரண்டு கையும் மடியில்.

எழுந்து ஹாலுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. யாரும் இல்லை. எங்கிருந்தோ கிரீஸ் வாடை அடித்தது. டேப் சுவிட்சின் மேல் இல்லை. பக்கத்துச் சுவரில், நேராக, ஒட்டப்பட்டிருந்தது.

அதன் ஒரு முனை உள்பக்கமாக மடிந்திருந்தது.

நான் மடிக்கவில்லை.

அந்த அம்மா என் பின்னால் வந்து நின்றார். டேப்பைப் பார்த்தார்.

"அவங்க இப்படித்தான் மடிச்சு வைப்பாங்க. அடுத்த தடவ உரிக்கச் சுலபமா இருக்கும்னு."

"யாரு?"

"அசோக்கோட அப்பா. ஜூரோங் கப்பல் பட்டறையில எலக்ட்ரிஷியனா இருந்தாங்க."

இருந்தாங்க... அப்படியென்றால் இப்போது உயிரோடு இல்லை. இந்த 'டக்' சத்தம் ரொம்ப நாளாகக் கேட்கிறது என்றார். ஏம்மா வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கெழவிக்குப் புத்தி பெரண்டுடுச்சும்பாங்க தம்பி. அதுக்கு நான் பொய் சொல்றேன்னே இருக்கட்டும்."

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கேட் பூட்டியிருக்கிறதே! நின்று யோசித்தேன். இரண்டு முறையும் நான் பெட்டியைத் தொடப் போனபோதுதான் அணைந்தது. சும்மா இருந்தபோது அணையவில்லை.

சுவிட்சைப் போட்டேன். இந்த முறை கையை நீட்டவில்லை. பையிலிருந்து கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்து, பிளாஸ்டிக் பிடியின் பின்முனையில் விரலை வைத்தபடி நுனியைப் பெட்டியின் தகரத்தில் வைத்தேன்.

சுவிட்ச் அசையவில்லை.

டெஸ்டருக்குள் விளக்கு சிவப்பாக எரிந்தது.

பெட்டி முழுக்கக் கரண்ட்.

சுவிட்சை நானே அணைத்து, எல்லாவற்றையும் கழற்றினேன். பவர் சப்ளைக்குள் கம்பியின் மேல் உறை கருகி, மெயின் கரண்ட் தகரத்துக்குக் கசிந்திருந்தது. அந்த வீட்டு ஒயரில் எர்த் கம்பி உள்ளேயே அறுந்திருந்தது. என் கடை ஒயரில் எர்த் நன்றாக இருந்ததால் கசிந்தது சத்தமில்லாமல் தரைக்குப் போய்விட்டது, எனக்குத் தெரியவில்லை. மெயின் பாக்ஸில், கரண்ட் கசிந்தால் தானே விழ வேண்டிய ப்ரேக்கரின் டெஸ்ட் பட்டனை அமுக்கினேன். அதுவும் விழவில்லை.

வித்யா திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன். உட்கார்ந்து படிக்கும்போது காலை எங்கே வைப்பீர்கள்?

"சில்லுன்னு இருக்கும்னு பெட்டி மேலதான் வைக்கப் போவேன். அதுக்குள்ள ஆஃப் ஆயிடும் பாய்."

அவளுக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. பழுது பவர் சப்ளையில்தான், ஹால் சுவிட்சை உங்கள் அத்தை தொடவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். ப்ரேக்கரை மாற்ற ஆள் கூப்பிடச் சொன்னேன். மறுநாளே புது பவர் சப்ளையும் புது ஒயரும் மாட்டிக் கொடுத்தேன். பழையதை எடுத்துவந்து கடை அலமாரியில் போட்டேன்.

சனிக்கிழமைப் பரீட்சை தடங்கலின்றி முடிந்தது. திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை அந்த அம்மா போன் செய்தார். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். இப்போது சத்தமே இல்லையாம், வீடு வெறிச்சென்று இருக்கிறதாம்.

"அன்னைக்கு ஒன்னு சொல்லல தம்பி. அசோக்கோட அப்பா அந்த ரூம் வாசல்லதான் விழுந்து கெடந்தாங்க. இதே கம்ப்யூட்டர் அப்ப ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க. வலது கை மட்டும் ஹால் பக்கம் நீட்டியிருந்துச்சு. சுவிட்சுக்கு ஒரு முழம்கூட இல்ல."

போனைப் பிடித்தபடியே அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பழைய சாமான் எங்க தம்பி?"

இங்கேதான், என் அலமாரியில் இருக்கிறது என்றேன்.

"அப்படியா" என்றார். போனை வைத்துவிட்டார்.

மேசைமேல் டேப் ரோல் இருந்தது. கடை திறந்ததும் நான்தான் அதில் ஒரு துண்டு பல்லால் கடித்துப் பிய்த்தேன். அதற்குப் பிறகு கடைக்கு யாரும் வரவில்லை. ரோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

முனை மடிந்திருந்தது.