ஹீட்டரும் ராகு காலமும்

திருவரங்குளத்தில் வேன் ஓட்டுகிறவனுக்கு ஹீட்டர் என்பது மொட்டைத் தலையனுக்குக் கிடைத்த சீப்பு. என் வேனிலும் அது இருந்தது. ஏசி குமிழுக்குப் பக்கத்தில், நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புகிற இன்னொரு குமிழ். வாங்கிய நாளிலிருந்து அது நீலத்திலேயே நின்றது. ஒரு சித்திரை மாதக் கல்யாணச் சவாரியில், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஏசியைக் கூட்டுவதாக நினைத்து அதைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் பெண்வீட்டார் மொத்தமும் வேர்த்து விறுவிறுத்து என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் அந்தக் குமிழின் மேல் டேப்பை ஒட்டிவிட்டேன்.

இஞ்சினுக்குள் இன்னொரு ஹீட்டர் உண்டு. டீசல் வண்டிக்காரர்கள் ஹீட்டர் பிளக் என்போம். சாவியைப் பாதி திருப்பினால் மீட்டர் பலகையில் கம்பிச் சுருள் போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே டீசல் பற்றிக்கொள்ளத் தேவையான சூடு ஏறியதும் அணையும். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அது எரிந்ததா, அணைந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. சாவியை ஒரே திருகாகத் திருகுவோம், வண்டி உறுமிவிடும். பிளக்குகள் செத்துப்போயிருந்தாலும் வருஷக்கணக்கில் தெரியாது. மலைக்குப் போவதற்கு முன் அவற்றைச் சோதிக்கச் சொன்னபோது புதுக்கோட்டை மெக்கானிக் சிரித்தார்.

"என்னண்ணே, காஷ்மீருக்கா போறீங்க?"

"கோத்தகிரிக்கு. தைப் பனி. கழட்டிப் பாரு."

பார்த்தார். நாலில் இரண்டு செத்திருந்தன. சிரிப்பை நிறுத்திவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

கோத்தகிரியில்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை கரு உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது முறை போனில் அவள் அழவே இல்லை, "பரவாயில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அழுதிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது தங்கி, ஏழு மாதம் நிறைந்தது. வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதற்காக, சீர் வரிசையோடும் உறவுப் பெண்கள் மூன்று பேரோடும் நானும் என் மனைவியும் என் வேனிலேயே மலையேறினோம்.

சம்பந்தி வீட்டார் வேற்று ஆட்கள் அல்ல. பூர்வீகம் மணமேல்குடிப் பக்கம். சம்பந்தியின் அப்பா கருவாடு விற்க மலையேறியவர், அங்கேயே மளிகைக் கடை போட்டுத் தங்கிவிட்டார். ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டார்களே தவிர, பழக்கவழக்கத்தில் ஒன்றையும் விடவில்லை. சம்பந்தி அம்மா காலண்டரைப் பார்க்காமல் பால் பொங்கக்கூட விடமாட்டார். எனக்கு இதில் பெரிய நம்பிக்கையும் இல்லை, விரோதமும் இல்லை. நல்ல நேரம் பார்த்துக் கிளம்பிய சவாரியும் பஞ்சரானதுண்டு, பார்க்காமல் கிளம்பியதும் ஆனதுண்டு.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நடந்தது. அன்றே கிளம்பலாம் என்றால் சாயங்காலம் ராகு காலம். அது முடிந்தால் இருட்டு, மூடுபனி, கொண்டை ஊசி வளைவுகள். தங்கிவிட்டோம். மாப்பிள்ளைக்கு மறுநாள் பெங்களூரில் வேலை, அவர் மட்டும் பஸ் ஏறினார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. ஆகவே ஏழரைக்குள் பெண் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் என்று சம்பந்தி அம்மா சொன்னார். ஏறிவிட்டால் புறப்பட்டதாகக் கணக்கு. வண்டி எப்போது நகர்ந்தாலும் குற்றமில்லை. ஆனால் ஏறியவள் ராகு காலம் முடிகிறவரை இறங்கக் கூடாது. இறங்கினால் போன காரியம் பாதியில் திரும்பியதாக அர்த்தமாம். எங்கள் பக்கத்திலும் இந்தக் கணக்கு உண்டு என்பதால் என் மனைவியும் தலையாட்டினாள்.

வேன் அவர்களுடைய கடைச் சாமான் ஷெட்டில் நின்றது. மூன்று பக்கம் தகரம், முன்பக்கம் திறப்பு. வெளியே விட்டால் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்துவிடும் என்று சம்பந்திதான் அதற்குள் விடச் சொன்னார். காலையில் சாவியைப் பாதி திருப்பிவிட்டு விளக்கைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கண்ணைச் சிமிட்டுவதற்குள் அணைகிற விளக்கு அங்கே நின்று எரிந்தது. அணைந்த பிறகு திருகினேன். இரண்டு இருமல் இருமி, வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த இஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் தானாக ஓடவிட வேண்டும். ஓடவிட்டேன். குமிழின் மேலிருந்த டேப்பைப் பிய்த்துச் சிவப்புக்குத் திருப்பினேன். மகளும் மனைவியும் மற்ற மூன்று பெண்களும் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள்.

வண்டியை ரோட்டுக்கு எடுத்துவிடுகிறேன் என்றேன். சம்பந்தியின் அக்கா குன்னூரிலிருந்து வந்து திருநீறு பூசி அனுப்ப வேண்டும், அவர் வரும் பஸ் தாமதம் என்றார்கள்.

"அதுவரைக்கும் ரோட்டுல நின்னா பனிக்காத்து புள்ளைக்கு ஆகாது. உள்ளயே நிக்கட்டும். நீங்க வாங்க சம்பந்தி, தாம்பூலம் வாங்கிக்கங்க" என்று சம்பந்தி கையைப் பிடித்தார்.

மற்ற சவாரியாக இருந்தால் வண்டியை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது நான் யாருக்கும் அடங்குகிற ஆள் இல்லை. ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி கூப்பிட்டால், "இதோ வாரேன்" என்று போகவேண்டியதுதான். ஷெட்டின் முன்பக்கம் திறந்து காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. போனேன்.

உள்ளே தட்டில் வேட்டி, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்திருந்தார். பிறகு காப்பி. பிறகு தேயிலை விலை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இஞ்சின் சத்தம் மாறியது. வேகம் மாறவில்லை. ஒருவன் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல அமுங்கிக் கேட்டது. காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஷெட்டின் முன்பக்கம் தார்ப்பாய் தொங்கியது. காற்றில் தூக்காமல் இருக்க அடியில் கல் வைத்திருந்தது. சம்பந்தி அம்மா வெளியே கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"காத்து அடிச்சுச்சு சம்பந்தி. அதான் படுதாவ எறக்கிவிட்டேன். கண்ணாடியெல்லாம் ஏத்திக்கச் சொல்லிட்டேன். உள்ள அடுப்படி மாதிரி கதகதன்னு இருக்கு."

வளைகுடாவில் நான் லாரி ஓட்டிய காலத்தில், பாலைவனக் குளிருக்கு எங்கள் முகாமில் இரண்டு பேர் அறைக்குள் கரி மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். காலையில் கதவை உடைத்தபோது இருவரும் நல்ல தூக்கத்தில் இருப்பது போலத்தான் இருந்தார்கள். முகத்தில் நல்ல நிறம் வேறு. பிறகு கம்பெனி எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தது. மூடிய இடத்தில் எரிகிற எதுவும் விஷவாயுவை விடும், வண்டி இஞ்சினும் அப்படித்தான், அதற்கு நிறமும் இல்லை நாற்றமும் இல்லை என்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் முந்தின நாள் என்னிடம் ஷேவிங் பிளேடு வாங்கிப் போனவன். எனக்குப் பாடம் தேவைப்படவில்லை.

தார்ப்பாயைக் கல்லோடு இழுத்தெறிந்தேன். புகை முகத்தில் அடித்தது. ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்த வண்டிக்குள் பேச்சுச் சத்தமே இல்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டுக் கதவை விரியத் திறந்தேன்.

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க."

"ஏங்க, தல வின்னு வின்னுன்னு தெறிக்குதுங்க" என்றாள் மனைவி. ஆனால் எழுந்திருக்கவில்லை. மகள் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். அவளை நோக்கிக் கையை நீட்டினேன். சம்பந்தி அம்மா ஓடிவந்து படியில் குறுக்கே நின்றுவிட்டார்.

"மணி ஏழரை தாண்டிருச்சு சம்பந்தி! புள்ளத்தாச்சிய இப்ப எறக்காதீங்க. ரெண்டு தடவ கலஞ்ச வயிறு."

"ராகு காலம் கெடக்குது, தள்ளி நில்லுங்க!"

அப்படி ஒரு சத்தத்தை அந்த வீட்டில் நான் போட்டதில்லை. பெண்ணைக் கொடுத்த எவனும் போட்டிருக்க மாட்டான். பின்னால் வந்த சம்பந்தி அப்படியே நின்றார். நான் அந்த அம்மாவைத் தோளால் ஒதுக்கிவிட்டு, மகளின் கக்கத்தில் கை கொடுத்து இறக்கினேன். இறங்கியவள் வாந்தி எடுத்தாள். ஷெட்டுக்கு வெளியே, காற்று வீசிய இடத்தில் ஓர் அரிசி மூட்டையைப் போட்டு உட்காரவைத்தேன். மற்றவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார்கள்.

சம்பந்தி அம்மா என்னை நேராகப் பார்த்தார். "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். குரல் நடுங்கியது. அது கோபம் இல்லை, பயம். எனக்கும் அதே பயம்தான், காரணம்தான் வேறு. இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

மகள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, அசையல."

"எப்பருந்து?"

"ஏறுறப்ப ஒதச்சான். இப்ப ஒன்னுமே இல்லப்பா."

சம்பந்தி அம்மா மெதுவாகக் குனிந்து அவள் வயிற்றில் கை வைத்தார். வைத்தபடியே காத்திருந்தார். கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டிய எடுங்க" என்றார்.

இஞ்சின் சூடாக இருந்ததால் தொட்டதும் பிடித்தது. ரோட்டுக்கு எடுத்து நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிய பிறகுதான் எல்லாரையும் ஏற்றினேன். குளிர் ஊசியாகக் குத்தியது. சம்பந்தி அம்மா தன் சால்வையையும் அவிழ்த்து என் மகளுக்குச் சுற்றிவிட்டு, வெறும் சேலையோடு உட்கார்ந்துகொண்டார். கடைவீதி திருப்பத்தில் சம்பந்தியின் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சின்ன ஆஸ்பத்திரிதான். டாக்டரம்மா நடந்ததைக் கேட்டார். "ஷெட்டு மூடியிருந்ததா? எவ்வளவு நேரம்?" என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னோம். மகளை உள்ளே படுக்கவைத்து மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். கூட வந்த பெண்களையும் பரிசோதித்துவிட்டு வெளிக்காற்றில் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் மட்டும் கதவுக்கு வெளியே நின்றோம். என் மனைவி தலைவலியோடு சுவரில் சாய்ந்திருந்தாள். சம்பந்தி, தான் செருப்பு இல்லாமல் வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

உள்ளே வயிற்றின் மேல் கருவியை வைத்தார்கள். முதலில் ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ போல இரைச்சல் மட்டும் கேட்டது. கருவியை இங்கிட்டும் அங்கிட்டும் நகர்த்துகிறார்கள் என்று தெரிந்தது. இரைச்சல் நின்றது, மறுபடி வந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்றைக்கு எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து டக் டக் டக் டக் என்று குதிரை ஓடுகிற சத்தம் வந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "கேக்குதா? நல்லாருக்கு. இன்னைக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

என் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் நிதானம் வந்ததும் சம்பந்தி அம்மாவிடம் போய், "சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எங்களோடு வந்த உறவுப் பெண் ஒருத்தி, தலையைப் பிடித்துக்கொண்டே வெளியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

"இன்னும் ராகு காலம் முடியலையே. முடிஞ்சதும் இன்னொரு தடவ வச்சுக் கேக்கச் சொல்லுவோமா?"

சம்பந்தி அம்மா அவள் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"நேரத்தப் பத்தி இனிமே எங்கிட்ட யாரும் பேசாதீங்க. அது ராகு காலத்துல பொறக்கட்டும், எமகண்டத்துல பொறக்கட்டும். உசுரோட பொறந்தாப் போதும்."